சீன அறிவியல் புனைவு எழுத்தாளர் லியு சிஷினின் இரண்டாம் பாகம்: முதல் பாதியைத் தாண்டிப் போகலாமா?

ஜூன் 3

ஒரு வாசகரின் கேள்வி இது: “‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவலைக் கீழே வைக்க முடியவில்லை. அடுத்ததான ‘த டார்க் ஃபாரஸ்ட்’டில் நடுவழியில் சிக்கிக்கொண்டேன். பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு தரப்பட்ட ஆள் ஏரிக்கரை மாளிகையில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறான். கதை நகரவே இல்லை. இதை விட்டுவிட்டு மூன்றாம் பாகத்துக்குப் போய்விடலாமா?”

கூடாது. மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது இந்த நடு பாகம்தான். நகரவே இல்லை என்று நீங்கள் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டால் பின்பாதிக்கு உயிர் இருக்காது. கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் நிலைமை என்ன என்று நினைவுபடுத்திக்கொள்வோம். பூமியைக் கைப்பற்ற ட்ரைசோலாரிஸ் என்ற வேற்றுக்கிரகத்தின் படை கிளம்பிவிட்டது, வந்து சேர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அவர்கள் அனுப்பிய சோஃபான்கள், புரோட்டான் அளவிலான உளவுக் கணினிகள், பூமியில் நிறைந்துவிட்டன. எந்த ஆவணத்தையும் படிக்கும், எந்தப் பேச்சையும் கேட்கும், துகள் இயற்பியல் சோதனைகளைக் குழப்பும். அவற்றால் நுழைய முடியாத ஒரே இடம் மனித மண்டைக்குள். அந்த வேற்றுக்கிரகவாசிகளுக்கோ மறைத்துப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் நினைப்பது அப்படியே வெளியே தெரியும். ஆக, நம்மிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வெளியே சொல்லாத எண்ணம். ஐநா நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, கேட்டதையெல்லாம் கொடுத்து, ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டாம் என்கிறது. இவர்களைச் ‘சுவர்நோக்கிகள்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

நால்வரில் லுவோ ஜி மட்டும் “எனக்கு வேண்டாம்” என்கிறான். எல்லோரும் தலையாட்டிச் சிரிக்கிறார்கள். மறுப்பதும் அவன் திட்டத்தில் ஒரு பகுதியாகத்தானே இருக்கும்! அதன் பிறகு அவன் எதைச் செய்தாலும் அது திட்டம், எதையும் செய்யாவிட்டாலும் அது திட்டம். மாளிகை கேட்டால் திட்டம், கடலடியில் மூழ்கிய பழைய கப்பலிலிருந்து ஒயின் கேட்டால் அதுவும் திட்டம். உலகம் அவனைப் பார்த்து எதைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கிறதோ, அதே தவிப்பில்தான் படிக்கும் நாமும் இருக்கிறோம். இவன் சோம்பேறியா, கணக்குப் போடுகிறவனா? உங்களுக்கு வந்த சலிப்பு நாவலுக்குள்ளேயே பலருக்கு வருகிறது. அதை அவசரப்படுத்தி எழுதியிருந்தால் இந்தச் சந்தேகம் எழவே எழாது.

ஜூன் 3, இரவு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடை முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. முதல் பாகத்தில் வேற்றுக்கிரகவாசிகளை அழைத்த யே வென்ஜியே, தன் மகள் யாங் டோங்கின் கல்லறை அருகே லுவோ ஜியிடம் பேசுகிறாள். பிழைத்திருப்பதே ஒரு நாகரிகத்தின் முதல் தேவை. நாகரிகம் இடைவிடாமல் வளர்ந்து பரவுகிறது, ஆனால் பிரபஞ்சத்தில் இருக்கும் பொருளின் மொத்த அளவு மாறாது. இவை இரண்டு அடிப்படைகள். கூடவே இரண்டு கருத்துகள்: சந்தேகச் சங்கிலி (எதிராளி என்ன நினைக்கிறான் என்று முடிவில்லாமல் ஐயப்படுவது), தொழில்நுட்ப வெடிப்பு (பின்தங்கிய நாகரிகம் திடீரென்று பாய்ந்து முன்னேறிவிடுவது). அவ்வளவுதான், போய்விடுகிறாள். அந்தப் பேச்சு நடக்கும்போது ஆசிரியர் நம் கண்ணைக் கல்லறைக் கல்லில் ஏறும் ஓர் எறும்பின் மேல் வைக்கிறார். அது பொறித்த எழுத்துகளின் பள்ளங்களில் இறங்கி ஏறுகிறது, வடிவங்களை உணர்கிறது, பொருள் அதற்குத் தெரியாது. நாமும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு எறும்போடு போய்விடுகிறோம்.

பிறகு பல நூறு பக்கம் கழித்து லுவோ ஜி உறைந்த ஏரியின் மேல் இரவில் நிற்கும்போதுதான் அந்த நான்கும் சேர்கின்றன. இடையில் நாம் மறந்திருக்க வேண்டும். அந்த மறதிக்கான காலம்தான் மாளிகைப் பகுதி.

ஜூன் 4

எதிர்பார்த்த எதிர்ப்பு வந்துவிட்டது. “மெதுவாகப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஜுவாங் யான் என்ற பாத்திரத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நாவலின் மிகப் பலவீனமான இடம் அதுதான். லுவோ ஜி தன் கற்பனையில் ஒரு பெண்ணை உருவாக்குகிறான், பிறகு அப்படி ஒருத்தியைத் தேடிக் கொண்டுவரச் சொல்லித் தன் பாதுகாவலர் ஷி ச்சியாங்கிடம் பட்டியல் கொடுக்கிறான். ஜுவாங் யான் வந்து சேருகிறாள், அவன் எழுதிவைத்தபடியே இருக்கிறாள். அவளுக்கென்று ஒரு கோபம், ஒரு மறுப்பு, ஒரு சொந்த வேலை, எதுவும் இல்லை. ஓவியம் படித்தவள் என்று சொல்லப்படுகிறது, அவள் எதைப் பார்த்து என்ன நினைக்கிறாள் என்பது நமக்குக் கிடைப்பதில்லை.

இதில் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால் வரும் பகுதி மிக நன்றாக எழுதப்பட்டது. காதலியின் பிறந்தநாளுக்காக ஒரு கதை எழுத உட்காருகிறான், கதாபாத்திரம் அவன் கைமீறி உயிர் பெறுகிறது, உண்மையான காதலி அதைக் கண்டுகொண்டு விலகுகிறாள். எழுத்தாளன் தன் பாத்திரத்திடம் மாட்டிக்கொள்வதை அவ்வளவு நுட்பமாகச் சொன்னவர், அந்தப் பாத்திரம் ரத்தமும் சதையுமாக வந்து நின்றதும் அவளிடம் பேச எதுவும் இல்லாமல் போகிறார். இதே ஆசிரியர்தான் யே வென்ஜியேயை எழுதினார். இதே நாவலில்தான் கெய்கோவும், விண்கப்பல் தளபதி தோங்ஃபாங் யான்ஷூவும் வருகிறார்கள். எழுதத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது.

கதைக்குள் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது உண்மை. அவளையும் குழந்தையையும் கடைசி யுத்தக் காலம்வரை உறைநித்திரையில் வைத்துவிடுகிறார்கள்; வேலையைச் செய்தால்தான் அவர்களைப் பார்க்கலாம் என்ற நிலை லுவோ ஜிக்கு வருகிறது. ஒரு மனிதனை நகர்த்துவதற்கான நெம்புகோலாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறார் என்றால், குறை இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

சரி, ஆனாலும் படியுங்கள்.

ஜூன் 6

மற்ற மூன்று சுவர்நோக்கிகளில் யாருடைய திட்டம் உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் ஹைன்ஸ் என்கிறார்கள், நானும்தான்.

டைலரின் திட்டம் கொஞ்சம் இழுவை. ரே டியாஸ் சூரியக் குடும்பத்தையே பிணையாக வைக்கப் பார்க்கிறார், புதன் கோளில் ஹைட்ரஜன் குண்டுகளைப் புதைத்து. ஹைன்ஸ் ஆயுதம் எதுவும் செய்யவில்லை. மூளையில் ஒரு நம்பிக்கையை அப்படியே பதித்துவிடும் கருவியைச் செய்கிறார். வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையை வீரர்கள் தாங்களாக வந்து பதித்துக்கொள்கிறார்கள். உள்ளுக்குள் அவர் அதைத் தலைகீழாக்கி, தோல்வி நிச்சயம் என்பதைப் பதிக்கிறார். அப்படி நம்புகிறவர்கள்தான் தப்பி ஓடுவார்கள், ஓடுகிறவர்கள்தான் மனித இனத்தைக் காப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதை உடைப்பவள் அவர் மனைவி கெய்கோ. இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தவள். அந்தக் காட்சியில் சத்தமே இல்லை, அதனால்தான் நடுங்குகிறது.

மூன்று திட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். டைலர் பூமியின் படையைக் கொன்று அதை ஆயுதமாக்க நினைத்தார், டியாஸ் எல்லோரையும் சேர்த்துச் சாகடிக்கத் தயாராக இருந்தார், ஹைன்ஸ் எல்லோரையும் ஏமாற்றினார். எதிரியிடம் மறைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட உரிமையை மூவரும் சொந்த மக்களிடம் மறைக்கவே பயன்படுத்தினார்கள்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

எழுதி முடித்தபின் தோன்றியது. ரே டியாஸைச் சொந்த நாட்டு மக்களே கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். கடைசியில் லுவோ ஜி செய்வது என்ன? ‘நான் இறந்தால் நம் இரு உலகங்களின் இருப்பிடமும் பிரபஞ்சத்துக்குத் தெரிந்துவிடும், யாராவது இரண்டையும் அழித்துவிடுவார்கள்’ என்று மிரட்டுகிறான். அதே பிணை, அதே ‘என் இதயம் நின்றால் வெடிக்கும்’ ஏற்பாடு. டியாஸ் போட்ட முதல் வரைவைத்தான் லுவோ ஜி முடித்துவைக்கிறான். ஒருவருக்குக் கல், இன்னொருவருக்கு வணக்கம். டியாஸ் பகுதியைக் கோமாளித்தனம் என்று தள்ளியவர்கள் இதை மனதில் வைத்துத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஜூன் 7

ட்ரைசோலாரிஸ் முன்கூட்டியே அனுப்பிய சிறு விண்கலமான நீர்த்துளி பற்றி ஒருவர் கேட்டார்: “வலுவான விசையால் பிணைக்கப்பட்ட பொருள் என்கிறாரே, அறிவியலில் அதற்கு இடம் உண்டா?”

வலுவான விசை அணுக்கருவுக்குள் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் பிடித்துவைப்பது. அதன் வீச்சு ஏறக்குறைய ஒரு மீட்டரில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான். அப்படிப் பிணைந்த பொருளின் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தி, அதாவது ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 23 கோடி டன். முழுத் துளியும் அதுவாக இருந்தால் அருகில் இருக்கும் எல்லாவற்றையும் ஈர்ப்பாலேயே நசுக்கிவிடும். ஆனால் மேற்பரப்பு மட்டும், அதுவும் ஒரே ஒரு துகள் தடிமனில் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்குச் சில நூறு கிலோ வருகிறது. துளியின் அளவுக்கு மொத்தம் சில டன். ஒரு லாரி சுமை! இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அப்படி ஒரு படலத்தை நிலையாக நிறுத்திவைக்க நமக்குத் தெரிந்த இயற்பியலில் வழி கிடையாது, அது வேறு விஷயம். கற்பனை எந்த இடத்தில் பிடியை விட வேண்டும், எந்த இடத்தில் எண்களோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் எழுதியது. ஷான்ஷி மாகாணத்தில் ஒரு மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக இருந்தவர் அல்லவா.

துளியின் அருகே இயற்பியலாளர் டிங் யி போய் நிற்கும் காட்சியில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அதன் பரப்பு வழவழப்பாகவே இருக்கிறது. சமாதானத்துக்கு வந்த பரிசு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த வழவழப்பைப் பார்த்த அவருக்கு மட்டும் விஷயம் புரிகிறது. ஏறக்குறைய 2000 போர்க்கப்பல்கள் அணிவகுப்பில் நிற்கின்றன. மூன்று நாடுகளின் விண்படைகளும் பெருமையைப் பங்கு போட வரிசையில் நின்றதுதான் அவற்றை அழிக்கத் துளிக்கு வசதியாகப் போகிறது.

(மூன்று நாடுகள் என்பதைவிட மூன்று கண்டங்களின் படைகள் என்பதே பொருத்தம்: ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா. நாவலில் அவை பூமியின் நாடுகளைச் சாராத தனி அரசுகளாகவே ஆகிவிட்டிருக்கும்.)

ஜூன் 9

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். ‘இருண்ட வனம்’ உண்மையா? பிரபஞ்சம் ஒரு காடு, ஒவ்வொரு நாகரிகமும் துப்பாக்கியோடு பதுங்கி நடக்கும் வேட்டைக்காரன், இன்னொரு உயிரைக் கண்டால் சுட்டுவிடுவதுதான் ஒரே வழி, அதனால்தான் வானம் இவ்வளவு அமைதியாக இருக்கிறது. படித்த அன்று இது எல்லோரையும் ஆட்டிவிடும். 1950இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி “எல்லோரும் எங்கே?” என்று கேட்டாரே, அதற்கு இவ்வளவு அச்சம் தரும் விடை வேறு இல்லை.

இந்த அச்சம் நாவலோடு பிறந்ததும் இல்லை. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1679 பிட் கொண்ட ஒரு செய்தியை அனுப்பினார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. போய்ச் சேர 25,000 ஆண்டுகள் ஆகும். அதற்கே அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற வானியலாளர் மார்ட்டின் ரைல் எதிர்ப்புத் தெரிவித்தார். வெளியே இருப்பவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி என்பது அவர் கவலை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1972இல், பயனியர் 10 விண்கலத்தில், துடிக்கும் விண்மீன்களான பல்சார்களை வைத்து நம் சூரியன் இருக்கும் இடத்தைக் காட்டும் படத்தைப் பொறித்து அனுப்பியிருந்தோம். லுவோ ஜியின் கணக்குப்படி பார்த்தால் முகவரி எழுதிய அட்டையை நாமே தூக்கி எறிந்தாயிற்று.

ஆனால் பிரபஞ்ச விதியாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் நம் காற்று. பூமியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கி ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தூரத்திலிருந்து நம் கோளின் ஒளியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இங்கே ஏதோ உயிர் இருக்கிறது என்று தெரியும். பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு இலட்சம் ஒளியாண்டு. அத்தனை காலத்தில் இந்தச் செய்தி பால்வீதி முழுவதையும் ஆயிரக்கணக்கான முறை கடந்திருக்கும். தொழில்நுட்ப வெடிப்பு என்பது உண்மையானால், இன்றைய பாசி நாளைய எதிரி. வேட்டைக்காரன் வானொலி அலைக்காகக் காத்திருக்க மாட்டான், பாசியாக இருக்கும்போதே சுட்டிருப்பான். நாம் இன்னும் இருக்கிறோம். காட்டில் ஒளிந்துகொள்ளலாம், காற்றுள்ள கோளை ஒளிக்க முடியாது.

இரண்டாவது, சுடுவதும் ஒரு வெளிச்சம்தான். 187ஜே3எக்ஸ்1 என்ற விண்மீனின் இருப்பிடத்தை லுவோ ஜி ஒலிபரப்புகிறான், எங்கிருந்தோ வந்த ஒன்று அதை அழித்துவிடுகிறது. அடித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாமல் போவது கதையின் வசதி. ஒரு சூரியனை அழிக்கும் அளவுக்கு ஒன்றை விரட்டிவிட்டு, அது கிளம்பிய திசையை யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று எந்த வேட்டைக்காரன் நம்புவான்?

அப்படியானால் நாவல் தோற்றுவிட்டதா? இல்லை என்பதுதான் என் கட்சி. இந்த விதியின் உண்மையான களம் விண்மீன்களுக்கு இடையில் இல்லை, இரண்டு அந்நியர்களுக்கு இடையில் இருக்கிறது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960இல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு நிலைமையைச் சொல்கிறார். இரவில் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு இறங்கி வரும் வீட்டுக்காரர், எதிரே துப்பாக்கியோடு திருடன். திருடன் சத்தமில்லாமல் போய்விடவே விரும்புகிறான், வீட்டுக்காரரும் அதையே விரும்புகிறார். ஆனால் நான் சுடுவேன் என்று அவன் நினைப்பானோ, அப்படி நினைத்து முந்திக்கொள்வானோ, அவன் முந்திக்கொள்வான் என்று நான் நினைப்பதாக அவன் நினைப்பானோ… யாருக்கும் சுட விருப்பமில்லாத இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. அணு ஆயுதக் காலத்துக்கு எழுதப்பட்ட இதுதான் லியுவின் சந்தேகச் சங்கிலிக்கு மிக அருகில் நிற்கிறது.

ஜூன் 10

மேலே சொன்னதற்கு நாவலே சாட்சி தருகிறது. அந்த இடத்துக்காகத்தான் நான் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

ஜாங் பெய்ஹாய். கடற்படையிலிருந்து விண்படைக்கு வந்த அரசியல் அதிகாரி. எல்லோர் கண்ணுக்கும் அசையாத வெற்றி நம்பிக்கை உடையவர். உள்ளே, முதல் நாளிலிருந்தே, இந்தப் போரில் வெல்ல முடியாது என்று முடிவெடுத்தவர். ஐநா தேர்ந்தெடுக்காத ஐந்தாவது சுவர்நோக்கி என்று அவரைச் சொல்லலாம்; நால்வருக்கும் கிடைத்த பணமோ அதிகாரமோ இல்லாமல், யாரும் சந்தேகிக்காமல் நடித்தவர். தவறான உந்துவிசைத் தொழில்நுட்பத்தில் பிடிவாதமாக இருந்த மூன்று நிபுணர்களை விண்கல் இரும்பால் செய்த தோட்டாக்களால் விண்வெளியில் கொல்கிறார், விபத்துபோல் தெரியட்டும் என்று. பிறகு உறைநித்திரையில் இரண்டு நூற்றாண்டு தாண்டி வந்து, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ‘நேச்சுரல் செலக்‌ஷன்’ கப்பலோடு சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே பாய்கிறார். நான்கு கப்பல்கள் துரத்துகின்றன. துளி மொத்தப் படையையும் அழித்ததும், துரத்தியவர்களும் தப்பியவரும் ஒரே இனத்தின் மிச்சம் ஆகிறார்கள்.

ஐந்து கப்பல்களும் சேர்ந்து ஒரு புதிய நாட்டை அறிவிக்கின்றன. கூட்டம் போடுகிறார்கள், சட்டம் பேசுகிறார்கள், சிரிப்பும் அழுகையும். அப்புறம் ஒரு கணக்கு மெல்லத் தெரிய வருகிறது. ஐந்து கப்பல்களின் எரிபொருளையும் உதிரிப் பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒன்று போய்ச் சேரும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். நமக்குத் தோன்றியது அவர்களுக்கும் தோன்றியிருக்கும், தோன்றியிருக்கும் என்று நமக்குத் தெரிவதும் அவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் அனைவரும் மனிதர்கள். ஒருவரை ஒருவர் அழைத்துப் பேச வானொலி இருக்கிறது. நேற்றுவரை ஒரே படையில் இருந்தவர்கள். அப்படியும் சங்கிலி பூட்டிக்கொள்கிறது. கப்பலுக்குச் சேதமில்லாமல் உள்ளே இருப்பவர்களை மட்டும், காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியால் கொல்லும் அகஒலிக் குண்டுகளை ஒருவர் மேல் ஒருவர் ஏவுகிறார்கள். சூரியக் குடும்பத்தின் இன்னொரு பக்கம் தப்பிய இரண்டு கப்பல்களிலும், இவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அதேதான் நடக்கிறது. யே வென்ஜியே தந்த அடிப்படைகளுக்கு நிரூபணம் ஏதோ ஒரு விண்மீனில் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிரூபணம் இங்கே நடக்கிறது, இரண்டு முறை. என் ஆக்சிஜன் வாதமெல்லாம் இந்த இடத்தில் வாயடைத்து நிற்கிறது.

ஜூன் 10, இரவு

“அப்படியென்றால் ஜாங் பெய்ஹாய் நல்லவரா கெட்டவரா?” என்று ஒருவர். மூன்று பேரைக் கொன்றவர். கூசாமல் கொன்றவர். நான் அவரை நேசிக்கிறேன் என்று எழுதும்போது அந்த மூவரையும் மறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கடைசிக் கணத்தைப் பாருங்கள். அவரும் முதலில் சுடத் தயாராகிவிட்டார். சில நொடிகள் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில், துரத்தி வந்த கப்பல்களில் ஒன்றான ‘அல்டிமேட் லா’ முந்திக்கொள்கிறது. வரும் ஏவுகணைகளைப் பார்த்துச் சிரித்தபடி, பரவாயில்லை, எல்லாம் ஒன்றுதான் என்கிறார். யார் பிழைத்தாலும் பிழைப்பது மனித இனம்தானே என்ற பொருளில். வாழ்நாள் முழுவதும் ஒரு நொடிகூடத் தயங்காத மனிதரை அந்த இடத்தில் தயங்கவைத்தது எது? ஆசிரியர் பெயரிட்டுச் சொல்வதில்லை. நான் அதை அன்பு என்றுதான் படிக்கிறேன்.

ஜூன் 12

“அன்பு என்பதெல்லாம் நீங்கள் ஏற்றிச் சொல்வது, லியு அப்படிப்பட்ட எழுத்தாளர் இல்லை” என்று ஒரு மறுப்பு.

கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். லுவோ ஜியின் மிரட்டலால் ட்ரைசோலாரிஸோடு ஒப்பந்தம் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, லுவோ ஜி குடும்பத்தோடு ஈர்ப்பலை ஆண்டெனா ஒன்றின் அருகே நிற்கிறான். முதல் பாகத்தில் பூமிக்கு “பதில் சொல்லாதீர்கள்” என்று எச்சரித்த அந்த ட்ரைசோலாரிஸ் கேட்பாளர், எண் 1379, அவனிடம் பேசுகிறார். தங்கள் உலகிலும் அன்பு இருக்கிறது, பிழைப்புக்கு இடைஞ்சல் என்று அதை முளையிலேயே நசுக்கிவிடுகிறார்கள் என்கிறார். மற்ற நாகரிகங்களிலும் அந்த விதை இருக்கலாம் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். இவ்வளவு இருட்டைக் காட்டிய நாவல் அந்தப் பேச்சோடு முடிகிறது. ஒட்டவைத்த முடிவு என்று முன்பு சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எச்சரிக்கை அனுப்பிய அந்த ஒருவர்தான் சந்தேகச் சங்கிலியை உடைத்த முதல் ஆள், அதுவும் கதை தொடங்கும்போதே. முன்யோசனை இல்லாமல் இப்படி வைக்க முடியாது.

ஜூன் 13

எதிர்காலப் பகுதி பற்றிய குறை: இருநூறு ஆண்டு கழித்து வரும் மனிதர்கள் குழந்தைகள்போல் இருக்கிறார்கள், எதிரியை இவ்வளவு அலட்சியமாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நடந்ததை நாவல் விரைவாகக் கடந்துவிடுவதால் நம் கவனத்திலிருந்து நழுவுகிறது. போருக்காக எல்லா வளத்தையும் கொட்டியதில் பஞ்சம் வந்து, உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அழிகிறது. அதன் பிறகு எஞ்சியவர்கள் தூரத்துப் போருக்காக இன்றைய வாழ்வைப் பலியிட மாட்டோம் என்று முடிவு செய்கிறார்கள். போர் எண்ணத்தை விட்டபின்தான் அறிவியலும் செழிக்கிறது, கப்பல்களும் வேகம் எடுக்கின்றன. சாவின் விளிம்பிலிருந்து மீண்டு, மீண்டதற்குப் பரிசாக வளமும் கண்ட ஒரு தலைமுறை தன்மேல் அளவு கடந்து நம்பிக்கை வைக்காதா? இந்தப் பஞ்சக் காலம் மட்டுமே தனி நாவலாகும். அதைச் சில பக்கங்களில் முடித்தது எனக்கு ஏமாற்றம்தான். மாளிகையில் சில பக்கங்களைக் குறைத்து இங்கே கொடுத்திருக்கலாம். முதல் நாள் குறிப்பில் அந்தப் பகுதிக்காக வாதாடியவன் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 15

தொடர் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு: 2024இல் வந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடர் முதல் பருவத்தின் இறுதியிலேயே சுவர்நோக்கிகளைக் கொண்டுவந்துவிட்டது. ஆட்கள் மாறியிருக்கிறார்கள், இடங்கள் மாறியிருக்கின்றன. அதைப் பார்த்ததால் இந்த நாவல் தெரிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

ஜூன் 18

முதல் கேள்வி கேட்டவர் முடித்துவிட்டாராம். இரவு தூக்கம் போயிற்று என்கிறார், ஜுவாங் யான் விஷயத்தில் இன்னும் கோபம் தீரவில்லை என்கிறார். இரண்டும் நியாயம். உடனே மூன்றாவதைத் தொடங்கட்டுமா என்று கேட்கிறார்.

கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இரண்டாவது சீனாவில் 2008இல் வந்தது, மூன்றாவதான ‘டெத்ஸ் எண்ட்’ 2010இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் அங்குள்ள வாசகர்களுக்கு லுவோ ஜியின் சமாதானம்தான் கதையின் கடைசி நிலை. அதோடு கொஞ்ச காலம் வாழ்ந்தார்கள். நீங்களும் சில வாரமாவது அப்படி இருந்து பாருங்கள். மூன்றாம் பாகம் அந்தச் சமாதானத்தின் மேல்தான் கை வைக்கும். அதன் அளவே வேறு, காலமும் வெளியும் விரிந்துகொண்டே போகும். இரண்டாவதில் இருக்கும் இறுக்கமான சதுரங்கத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். முதல் அத்தியாயம் 1453இல் கான்ஸ்டான்டினோப்பிள் முற்றுகையில் தொடங்கும், தவறான புத்தகத்தைத் திறந்துவிட்டோமோ என்று தோன்றும். மூடாமல் படியுங்கள், காரணம் பின்னால் வரும்.